சாரையும் நாகமும் சம்பந்தி ஆகுமா? ஊர்வன பற்றிய கேள்வி பதில்

நான் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பாம்பு, முதலை, தவளை பற்றி நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு விவசாயி: எங்கள் கடலைக் கொல்லையில் இரண்டு பாம்புகள் அரை மணி நேரம் பின்னிக்கொண்டு நின்றன. ஒன்று சாரை, இன்னொன்று நாகம் என்கிறார் பெரியப்பா. மேலே புதுத்துண்டு போட்டு எடுத்துச் சாமி அறையில் வைத்தால் நல்லதாமே சார்?

பெரியப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே சாரைதான், இரண்டுமே ஆண். நீங்கள் பார்த்தது கல்யாணம் இல்லை, மல்யுத்தம். உடம்பைப் பின்னிக்கொண்டு, எதிராளியின் தலையைத் தரையில் அழுத்தப் பார்க்கும். தோற்றது விலகிப் போய்விடும். சாரை என்றால் ஆண், நாகம் என்றால் பெண் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அது தப்பு. சாரையிலும் ஆண் பெண் உண்டு, நாகத்திலும் உண்டு. இரண்டின் மூதாதையரும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். பங்காளி முறையும் விட்டுப்போச்சு, சம்பந்தம் பண்ணவும் வழியில்லை. போதாததற்கு, கையில் கிடைத்தால் சாரையை விழுங்கிவிடும் நாகம். துண்டு உங்கள் தோளிலேயே இருக்கட்டும்.

ஒகேனக்கல் பரிசல்காரர்: வெயில் காலத்தில் முதலை மணலில் குழி தோண்டி முட்டை வைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெயில்தான் முடிவு செய்கிறது என்று ஒரு ஆபீசர் சொன்னார். நிஜமாங்க?

நிஜம்தாங்க. நமக்கு ஆணா பெண்ணா என்பது கரு உண்டாகும்போதே குரோமோசோமில் முடிவாகிவிடும். முதலைக்கு அப்படி ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமே தனியாகக் கிடையாது. அடைகாலம் சுமார் இரண்டு மாதம். அதன் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் கருவில் விந்தகம் வளருமா, சினைப்பை வளருமா என்பது தீர்மானமாகிறது. மாமல்லபுரம் அருகே 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையில் நம்ம காவிரி முதலையின் இனத்தை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 28 முதல் 31 டிகிரி வரை ஒரே சீராக வைத்த முட்டைகளில் எல்லாமே பெண். 32.5 டிகிரியில் ஆண். அதற்குக் கொஞ்சம் மேலேயும் கீழேயும் போனால் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றிரண்டு டிகிரியில் ஒரு கூட்டின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. அதனால்தான் கரையில் நிழல் எங்கே விழுகிறது, குழி எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பெரிய விஷயம். மணலை வாரிக்கொண்டு போய்விட்டால் முட்டை வைக்க இடமும் போச்சு, இந்தக் கணக்கும் போச்சு.

எனக்கு இதைவிட வேடிக்கையாகத் தெரிவது வேறொன்று. அதே ஆற்றில், அதே கரையில் முட்டையிடுகிற மெல்லோட்டு ஆமைக்கு வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. கோழிக்கு இருப்பதுபோல அதற்குப் பால் குரோமோசோம் உண்டு. இத்தனைக்கும் கோழிக்கு ஆமையைவிட முதலைதான் கிட்டத்துச் சொந்தம்!

காவேரிப்பட்டணம் பிளஸ் டூ மாணவி: பாம்புக்குக் கால் எங்கே போச்சு சார்?

முழுசாகப் போகவில்லை கண்ணு. மலைப்பாம்பின் வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்ன நகம் மாதிரி இருக்கும். அது பின்னங்காலின் மிச்சம். கால் வளர்க்கும் மரபணு எல்லாப் பாம்பிடமும் இன்னும் பத்திரமாக இருக்கிறது, உடம்பின் வேறு வேலைகளுக்கு அது வேண்டுமே. பழுதானது அதைக் காலில் இயக்கும் சுவிட்ச், அதாவது டி.என்.ஏ.வில் உள்ள ஒரு சின்னத் துண்டு. 2016-ல் வந்த ஓர் ஆய்வில் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் சுவிட்சை வைத்தார்கள். அந்த எலிகளுக்குக் கால் முழுசாக வளராமல் வெறும் குட்டைக் கட்டையாக நின்றுவிட்டது.

ஓசூர் நர்சரிக்காரர்: பூந்தொட்டி மண்ணில் மண்புழு மாதிரி கறுப்பாக ஒன்று ஓடுகிறது. பாம்புக்குட்டி என்று வேலையாட்கள் அலறுகிறார்கள்.

பாம்புதான், ஆனால் குட்டி இல்லை, அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதான். புழுப்பாம்பு என்போம். எறும்பு முட்டை, கறையான் தின்னும், விஷம் கிடையாது. இந்த இனத்தில் ஆணே இல்லை! எல்லாம் பெண். துணை இல்லாமலே முட்டையிட்டுத் தன் நகலைப் பெற்றெடுக்கும். மற்றவற்றுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி என்றால் இதற்கு மூன்று. ஒரே ஒரு பாம்பு தொட்டி மண்ணோடு போனாலும் போன ஊரில் வம்சம் தழைத்துவிடும். அப்படியே உலகம் பூராவும் பரவியும் விட்டது. உங்கள் தொட்டிகள் எங்கெங்கே போகின்றனவோ, அங்கெல்லாம் இதுவும் டிக்கெட் இல்லாமல் போகும்.

அரூர் இல்லத்தரசி: அரணை கடித்தால் மரணம் என்பது?

எதுகைக்காகச் சொன்னது. அரணைக்கு விஷமே இல்லை.

அதே வாசகி: முதல் மழைக்கு மஞ்சள் மஞ்சளாகத் தவளைகள் வருகின்றனவே, கோடை முழுக்க எங்கே இருந்தன?

மண்ணுக்கு அடியில், வளையில் அசையாமல் கிடந்திருக்கும். மஞ்சளாக இருப்பது ஆண் மட்டும், அதுவும் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டும். அப்புறம் பழைய பழுப்புப் பச்சைக்குத் திரும்பிவிடும். குட்டையில் தண்ணீர் வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தவளையாக வேண்டுமே, அந்த அவசரத்தில் இந்த இனத்துத் தலைப்பிரட்டைகள் மற்ற தலைப்பிரட்டைகளையே தின்னும். கால்கறிக்காக இவற்றைப் பிடித்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். 1987-ல் அரசு தடை போட்டது.

தேன்கனிக்கோட்டை இளைஞர்: கொல்லையில் இருதலைப் பாம்பு கிடைத்தது. எடைக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் போன் பண்ணுகிறார்.

ஒரு தலைதான் தம்பி. மண்ணுளியின் வால் மழுங்கித் தலை மாதிரி இருப்பது எதிரியை ஏமாற்ற. தலை என்று நினைத்து எதிரி வாலைக் கொத்தினால் இது பிழைத்துக்கொள்ளும். பல தலைமுறையாக அப்படிப் பிழைத்தவை விட்டுப்போன வால் அது. மருந்தும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், மாட்டினால் ஜெயில். போன் பண்ணியவரின் நம்பரை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பாம்பை எடுத்த இடத்திலேயே விடுங்கள். கொல்லையில் எலி பிடிக்கும்.