முகமூடி ஆட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

கொரியாவின் முகமூடி ஆட்டம் 'தால்ச்சும்', சீனாவின் முகமூடிச் சடங்காட்டம் 'நுவோ'. இந்த இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

செல்வி: மரமுகம் அசையாதே, சிரிப்பும் கோபமும் எப்படித் தெரியும்?

தென் கொரியாவில் ஆந்தோங் நகருக்கு அருகே ஹாஹ்வே கிராமத்து முகமூடிகளைப் பாருங்கள். பிரபு, அதாவது யாங்பான் முகமூடிக்குத் தாடை தனித் துண்டு, கயிற்றால் கட்டியிருக்கும். ஆடுபவர் அண்ணாந்தால் வாய் திறந்து முகம் சிரிக்கும். குனிந்தால் வாய் மூடிச் சினம் ஏறும். சுவரில் நேராக மாட்டிவிட்டால் பாதி உயிர் போச்சு.

இமே என்ற அசட்டு வேலைக்காரனுக்கு மட்டும் தாடையே கிடையாது. ஹோ என்ற இளைஞன் தெய்வ உத்தரவுப்படி இந்த முகமூடிகளைக் கதவடைத்துச் செதுக்கினானாம். காதலித்த பெண் ஓட்டை வழியே எட்டிப் பார்க்க, கடைசி முகமூடியான இமே முடியும் முன்பே ரத்தம் கக்கிச் செத்தானாம். கதை இருக்கட்டும், ஆட்டத்தில் அது லாபம்தான்: நடிகரின் சொந்த வாய் வெளியே தெரிகிறது.

சேகர்: நொடியில் முகம் மாறுமே, அது நுவோதானே?

இல்லை. அது சிச்சுவான் ஓபராவின் வித்தை.

கவிதா: சீனாவில் இது எவ்வளவு பழசு?

ஊரார் நுவோ ஆடி வந்தபோது, சுமார் 2,500 வருடத்துக்கு முந்தைய சீன ஞானி கன்பூசியஸ் அரசவை உடையோடு கிழக்குப் படிக்கட்டில் நின்றார் என்று அவர் உரைகளின் தொகுப்பிலேயே வருகிறது. பேய் ஓட்டும் சடங்கு அது. நான்கு பொற்கண்ணும் கரடித்தோலும் தரித்தவன் ஈட்டி கேடயத்தோடு முன்னே போவான்.

எனக்குப் பிடித்தது குய்ச்சோ மாகாணத்து அன்ஷுன் ஊர்க்கூத்து. 1381-இல் மிங் பேரரசின் படை பக்கத்து யுன்னான் மேல் போனபோது அங்கே குடியமர்ந்த வீரர்களின் வாரிசுகள் ஆடுவது. போர்க்கதை மட்டும்தான், காதல் கதைக்கு இடமில்லை. முகமூடி நெற்றியில் இருக்கும், முகத்தைக் கறுப்புத் துணி மறைக்கும். மேட்டில் நின்று பார்க்கிற ஜனங்களுக்கு அப்போதுதான் முகமூடி நேராகத் தெரியும்.

பாலா: தால்ச்சும் என்பது அடிமைகள் பிரபுக்களுக்கு எதிராகச் செய்த கலகம்தானே?

அவ்வளவு சுலபமில்லை. ஹாஹ்வே, ரியூ என்ற பிரபுக் குலத்தின் ஊர். ஆட்டத்துக்கு அவர்களே உதவினார்கள்.

பாலா: தன்னைத் திட்ட யாராவது செலவு செய்வார்களா?

செய்தார்கள். எப்போதோ ஒருமுறை திருவிழாவில் வாய்விட்டுத் திட்டவிட்டால் மற்ற நாட்களில் ஊர் அடங்கிக் கிடக்கும். இன்றைய வட கொரியாவில் உள்ள பொங்சான் ஊரின் ஆட்டத்தில் மால்த்துகி என்ற வேலைக்காரன், 'யாங்பான்' என்றால் நாய்த்தோல் விரிப்பின் 'யாங்', நாய்க்கால் மேசையின் 'பான்' என்பான். எஜமானர்கள் அதட்டுவார்கள். அவன் பேச்சை மாற்றிச் சொன்னதும் சமாதானமாகிவிடுவார்கள். மறுநாளும் அவன் வேலைக்காரன்தான்.

மீனா: அப்படியானால் பாலா சொல்வது முழுக்கத் தப்பா?

பாதிதான் தப்பு. 1970, 80-களில் கொரிய மாணவர்கள் இதே வடிவத்தில் ராணுவ ஆட்சியைக் கிண்டலடித்தார்கள். அங்கே அது நிஜமாகவே கலகம். பழசுக்கும் அதே அர்த்தத்தை ஏற்றுவதுதான் தகராறு.

பாலா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, வேண்டாம்.

ராஜா: முகம் மாறும் வித்தை எப்படி?

சேகருக்குச் சொன்னதைப் படியுங்கள். இன்னொரு முறை கேட்டால் பதில் கிடையாது.

அனு: எங்கே பார்க்கலாம்?

ஆந்தோங் முகமூடி விழா, இலையுதிர் காலம், 1997-இலிருந்து நடக்கிறது. அன்ஷுனுக்குச் சீனப் புத்தாண்டு சமயம் போங்கள்.

கண்ணன்: ஆடி முடித்ததும் முகமூடியை எரித்துவிடுவார்களாமே?

பொங்சானில் எரிப்பது வழக்கமாக இருந்தது, அவை காகிதத்தில் செய்தவை. ஹாஹ்வேயில் மர முகமூடிகளைத் தெய்வப்பொருளாகப் பூட்டி வைத்தார்கள். அதனால்தான் அவை தப்பி, 1964-இல் தேசியப் பொக்கிஷம் ஆயின. 'இருநூறு வருடத்துப் பொங்சான் முகமூடி' என்று யாராவது விற்க வந்தால் நடையைக் கட்டுங்கள்.