கேமிங் கம்ப்யூட்டர்: கொட்டேஷனில் முழு மாடல் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் இருக்கிறோம். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாடவும் வீடியோ எடிட்டிங் பழகவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான். 60,000 ரூபாய் வரை சேர்த்து வைத்திருக்கிறோம். மதுரையில் ஒரு கடையில், ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினட், 22 இன்ச் மானிட்டர், மொத்தம் 42,000’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தம்பியோ, பார்ட்ஸ் வாங்கித் தந்தால் நானே மாட்டிக்கொள்கிறேன் என்கிறான். மாடி அறை, வெயில் அதிகம். கரண்டும் அடிக்கடி போய் வரும். என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சீட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஏழு பொருள் எழுதியிருக்கிறார்கள், ஒன்றுக்குக்கூட முழு மாடல் பெயர் இல்லை. அதை வைத்து இந்த கம்ப்யூட்டர் 42,000 பெறுமா, 15,000 பெறுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அந்த ‘ஐ7’. அது ஒரு வரிசையின் பெயர், அவ்வளவுதான். 2012-ல் வந்த ஐ7 3770-ம் ஐ7தான். வயசு தெரிய வேண்டுமென்றால் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கழற்றிய ஐ7-ஐ லைட் எரியும் புதுக் கேபினட்டில் போட்டு ‘கேமிங் பிசி’ என்று விற்பது ஊர் ஊருக்கு நடக்கிறது. 2022-ல் வந்த ஐ3 12100எஃப்-க்கும் அந்த 3770-ஐப் போலவே நான்கு கோர் (உள்ளே கணக்குப் போடும் பகுதிகள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்)தான். ஆனாலும் வேகத்தில் பழைய ஐ7 அதன் பக்கத்தில் நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தாலும், அதில் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கம்ப்யூட்டரில் வேண்டும். அவை இல்லாவிட்டால் தம்பி முதலில் கேட்ட விளையாட்டே திறக்காமல் போகலாம்.

அடுத்தது ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. 4 ஜிபி என்பது கார்டில் உள்ள மெமரியின் அளவு. கார்டு எவ்வளவு வேகம் என்பதை அது சொல்லாது. 2014-ல் வந்த ஜிடி 730-லும் 4 ஜிபி உண்டு, ஜிடிஎக்ஸ் 1650-லும் 4 ஜிபி உண்டு. முதலாவது படம் பார்க்கத்தான் லாயக்கு, இரண்டாவதில் ஜிடிஏ 5 நன்றாகவே ஓடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் 4 ஜிபிதான். அது மதர்போர்டோடு நான்கு லேன்களில் (தகவல் போய்வரும் பாதைகளில்) மட்டும் பேசுகிற கார்டு, பழைய போர்டில் போட்டால் வேகம் கணிசமாக இறங்கும். முழுப் பெயர் இருப்பதுபோல் தோன்றும் இடத்திலும் கவனம் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. இரண்டும் ஒரே சிப் அமைப்பு இல்லை, 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் ‘2048எஸ்பி’ என்ற வால் ஒட்டிய கார்டு வரும், அது அசல் 580-ஐவிடக் குறைந்தது. கடைக்காரர் அலுத்துக்கொண்டாலும் பெயரைக் கடைசி எழுத்து வரை எழுதி வாங்குங்கள்.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பணத்தை மிச்சம் பிடிக்க எல்லாரும் கை வைக்கிற இடம் இதுதான், கை வைக்கவே கூடாத இடமும் இதுதான். பெட்டியில் 500 வாட் என்று போட்டிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். பிராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. 18 ஆம்ப் என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 216 வாட்தான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய மொத்த சக்தியையும் 12 வோல்ட்டிலேயே தரும். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (80 Plus Bronze) முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவு. பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை, அதனால் முத்திரையோடு மாடல் பெயரும் வேண்டும். கார்டுக்கான எட்டு பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வர வேண்டும். ‘மோலெக்ஸ் கன்வெர்ட்டர் போட்டுத் தர்றேன்’ என்றால், அதாவது பழைய நான்கு பின் கேபிளை ஒட்டு வைத்து மாற்றித் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கனெக்டர் சூடேறி உருகும் வாய்ப்பு உண்டு.

இனி உங்கள் 60,000. தம்பி கேட்பது கனமான விளையாட்டுகள் இல்லை. வேலரன்ட் பிராசஸரைத்தான் அதிகம் நம்பும், ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்ததே 2015-ல். எடிட்டிங் பழக ஆறு கோரும் 16 ஜிபி ராமும் இருந்தால் தாராளம். நான் எழுதித் தருவதாக இருந்தால் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர், பி450 அல்லது பி550 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான வகை) எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று எழுதுவேன். இதைவிடப் புதிய ஏஎம்5 போர்டுகள் (பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் புதிய வகை) இருக்கின்றனவே என்று தம்பி கேட்பான். அவற்றுக்கு டிடிஆர்5 ராம் வேண்டும், இந்தத் தொகையில் அதைப் பிடித்தால் கார்டில் குறைக்க வேண்டி வரும். 5600 உட்காரும் ஏஎம்4 பழைய வரிசைதான், ஆனாலும் இதே போர்டில் பின்னாளில் எட்டு கோர் உள்ள 5700எக்ஸ்-ஐப் போட்டுக்கொள்ளலாம்.

மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20,000 வரை, கார்டுக்கு ஒதுக்குங்கள். பிராசஸருக்கும் போர்டுக்கும் சேர்த்து 16,000-க்குள் நிறுத்தப் பாருங்கள். மீதியில் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் வர வேண்டும். ராம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறுமுகம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் வந்த ஏற்றம் இது, எஸ்எஸ்டி விலையையும் கூடவே இழுத்திருக்கிறது. ஆறு மாதம் முன்பு யாரோ சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போடாமல், வாங்கும் வாரத்தில் விசாரியுங்கள்.

மானிட்டரும் யுபிஎஸ்ஸும் சேர்ந்தால் 60,000 தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். அப்போது எதைத் தள்ளிப்போடுவது? வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள டிவி இருந்தால் மூன்று நான்கு மாதம் அதிலேயே ஓட்டுங்கள், மானிட்டர் பின்னால் வாங்கலாம். வாங்கும்போது 24 இன்ச், ஐபிஎஸ் வகைத் திரை, 100 ஹெர்ட்ஸுக்குக் குறையாதது. டிவி இல்லையென்றால் கார்டைத் தள்ளிப்போடலாம். 5600-க்குப் பதில் 5600ஜி வாங்கினால் அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வேலரன்ட் நன்றாக ஓடும், ஜிடிஏ 5 செட்டிங்ஸைக் குறைத்தால் ஓடும். ஆனால் 5600ஜி-யில் கேஷ் மெமரி (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) பாதிதான், 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. பிறகு கார்டு போட்டாலும் 5600 அளவுக்கு எட்டாது. அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். எதைக் குறைத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸைக் குறைக்காதீர்கள். கேபினட் லைட்டைத் தாராளமாகக் குறைக்கலாம்.

எங்கே வாங்குவது என்றால், பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். விலை கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஒரு போர்டு பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போக வேண்டுமே. ஆரப்பாளையத்தில் இறங்கி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிற கடைக்கு ஓராயிரம் கூடக் கொடுப்பது நியாயமான செலவு. ‘பில் இல்லாம 18 பர்சன்ட் கம்மி’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் மாடலும் சீரியல் நம்பரும் ஏற வேண்டும். வாரண்டி கேட்கும் நாளில் அந்தக் காகிதம்தான் பேசும். பிராசஸர் சீல் உடையாத பெட்டியில் வந்தால் கம்பெனியின் மூன்று வருட வாரண்டி உண்டு. ‘ட்ரே’ என்று வெறும் பிராசஸராகக் கொடுத்தால் அதற்குக் கடைக்காரர் வாய் வார்த்தைதான் வாரண்டி.

தம்பி தானே மாட்டலாம். மாட்டட்டும். பாலிடெக்னிக் படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல பிராக்டிக்கல் கிடைக்காது, பின்னால் ஒரு ஃபேன் நின்றாலும் அவனே பார்த்துக்கொள்வான். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். வேலை தொடங்குமுன்பும் இடையிலும் கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பிராசஸரின் மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அது சேர வேண்டும். 5600-ல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. தன் எடையிலேயே உள்ளே இறங்கும், அழுத்தவே கூடாது. அடுத்து வருகிற இடத்தில்தான் புதிதாக மாட்டுகிறவர்கள் திணறுவார்கள். கூடவே வரும் கூலர் நான்கு ஸ்க்ரூவில் நிற்பது. போர்டின் மேல் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றிய பிறகுதான் அதை வைக்க முடியும். கழற்றும்போது பின்பக்கத் தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்க்ரூக்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். தெர்மல் பேஸ்ட் கூலரிலேயே தடவி வந்திருக்கும்.

ராமை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போட வேண்டும், இரண்டு இடம்தான் இருந்தால் இரண்டிலும். இரண்டு ராம் போடச் சொன்னதே இரட்டைச் சேனலில் ஓடத்தான். கேபினட்டுக்குள் வைக்குமுன் போர்டின் அட்டைப் பெட்டி மேலேயே வைத்து ஒரு தடவை ஆன் செய்து பார்த்துவிட்டால், கோளாறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். வாங்கும்போதே, ‘இந்த போர்டில் பயாஸ் ரைசன் 5000-க்கு அப்டேட் ஆகியிருக்கிறதா’ என்று கேட்டுவிடுங்கள். பயாஸ் என்பது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள். பழைய ஸ்டாக் பி450 என்றால் ஆகாமல் இருக்கலாம், அப்போது திரையில் படமே வராது.

எல்லாம் மாட்டியபின் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருக வேண்டும். போர்டில் செருகினால் படம் வராது, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். 100 ஹெர்ட்ஸ் மானிட்டரும் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் மாற்றும்வரை 60-லேயே நிற்கக்கூடும்.

மாடி அறை விஷயம் முக்கியம். கத்திரி வெயிலில் உங்கள் அறை 38 டிகிரி இருந்தால், கேபினட் அதைவிடக் குளிர்ந்த காற்றை எங்கிருந்தும் இழுக்க முடியாது. முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினட் வேண்டாம், வலை வைத்ததாகப் பாருங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தரையில் வைக்காதீர்கள், மேஜையின் மூடிய அறைக்குள்ளும் வைக்காதீர்கள். பின்பக்கம் காலியாக உள்ள ஸ்லாட் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், நம் ஊரில் அந்த வழியாகப் பல்லி உள்ளே போய் போர்டு ஷார்ட் ஆகும். மாதம் ஒருமுறை ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தால் போதும்.

கரண்ட் கணக்கு இப்படி வரும். கார்டு 132 வாட், பிராசஸர் 76 வாட் வரை, மற்றதையெல்லாம் மானிட்டரோடு சேர்த்தால் விளையாடும் நேரத்தில் மொத்தம் சுமார் 300 வாட். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், விளிம்பில் ஓடும். 1000 விஏ வாங்குங்கள். அதுவும் சேவ் செய்து அணைக்கிற சில நிமிடங்களுக்குத்தான், மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்துகிற நாளெல்லாம் விளையாட முடியாது. வீட்டு இன்வெர்ட்டரில் சேர்க்க நினைத்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் இதைச் செருகவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக் பாயின்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பது பெரும்பாலும் எர்த் இல்லாததால்தான். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரை இந்தக் கம்ப்யூட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இந்தப் பட்டியலை அதே மாடல் பெயர்களோடு மூன்று கடைகளுக்கு அனுப்பிக் கொட்டேஷன் கேளுங்கள். முதலில் சீட்டு எழுதிய கடைக்கும் அனுப்புங்கள், மாடல் எழுதித் தந்தால் அங்கேயே வாங்குவதிலும் தவறில்லை. மாட்டி முடித்த முதல் வாரத்திலேயே, மத்தியான வெயிலில், ஜிடிஏ 5-ஐ ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். பிராசஸர் 80 டிகிரியை ஒட்டி நின்றால் பயப்பட வேண்டாம். இதன் வரம்பு 90, அதைத் தொட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை. விளையாட்டின் நடுவே பட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீது. கடையில் மாற்றித் தருகிற நாட்கள் முடிவதற்குள் பெட்டியோடும் பில்லோடும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.