வீட்டில் வார்த்த ஈயக்குண்டை எப்போது சைஸ் பண்ண வேண்டும்?

கைத்துப்பாக்கிக்குச் சொந்தமாக ஈயக்குண்டு வார்ப்பவர்கள், அச்சிலிருந்து விழுந்ததுமே அதைச் சைஸ் பண்ணிவிட (அதாவது, டை என்ற அளவுத் துளையுள்ள எஃகுக் கருவிக்குள் தள்ளிச் சரியான விட்டத்துக்கு அழுத்திவிட) வேண்டுமா, சில நாள் போகட்டும் என்று விட்டுவைக்கலாமா என்பது கேள்வி. அது கலவையையும், குண்டைத் தண்ணீரில் போட்டீர்களா இல்லையா என்பதையும் பொறுத்தது.

நாளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. எல்லாக் குண்டுக்கும் சைஸிங் தேவையில்லை. குழலின் உட்சுவரில் முறுக்கி ஓடும் பள்ளங்களின், அதாவது காடிகளின், விட்டத்தைவிட 0.001 அங்குலம் கூடுதலாகக் குண்டு இருந்தால் போதும். .45 ஏசிபி தோட்டாவுக்குப் பெரும்பாலும் 0.452 அங்குலம், .38 ஸ்பெஷலுக்கு 0.358, 9 மி.மீ.க்கு 0.356 அல்லது 0.357. உங்கள் அச்சே அந்த அளவில் குண்டைத் தந்து, அது தோட்டா அறையில் தடையில்லாமல் உட்கார்ந்தால் மசகு தடவிச் சுட வேண்டியதுதான். டை வாங்கிவிட்டோமே என்பதற்காக அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். குண்டு குழலைவிடச் சிறுத்துவிட்டால் சூடான வாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரிக்கும். குழல் முழுக்க ஈயம் படியும், குறியும் சிதறும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கும் வேலை இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம்.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். எண்ணெய் தடவிய குழலில் ஒரு சுத்த ஈயத்துண்டைத் தட்டித் தள்ளி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வெர்னியரை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களைப்போல 5 காடி இருந்தால் சாதாரண மைக்ரோமீட்டரும் சரியான அளவைக் காட்டாது, ஏனென்றால் ஒரு காடிக்கு நேர் எதிரே இன்னொரு காடி இராது. ரிவால்வர் என்றால் சிலிண்டர் அறைகளின் முன்வாய்தான் முக்கியம். விரலால் சற்று அழுத்தினால் குண்டு அதில் இறுக்கமாக நழுவிப் போக வேண்டும்.

இனி எப்போது என்பதற்கு வருவோம். ஆன்டிமனியும் துளி ஆர்செனிக்கும் உள்ள கலவையை (கார் சக்கரத்தில் சமநிலைக்காகப் பொருத்தும் பழைய எடைக்கட்டி ஈயம் இந்த வகைதான்) அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால் அது சில மணி நேரத்திலேயே இறுக ஆரம்பித்து, வாரக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட குண்டை அன்றைக்கே சைஸ் பண்ணிவிடுங்கள். இறுகிய பிறகு டையில் தள்ளக் கை வலிக்கும் என்பது ஒரு புறம். அழுத்தப்பட்ட மேற்பரப்பு திரும்பவும் மென்மையாகிவிடும் என்பதுதான் பெரிய நஷ்டம். குழலின் முறுக்குவரிகளைத் தொடுவது அந்த மேற்பரப்புதான், தண்ணீரில் போட்டதன் பலன் அங்கேயே போய்விடுகிறது. மசகைப் பிறகு ஏற்ற வேண்டுமானால் 0.001 அங்குலம் பெரிய டையில் ஏற்றுங்கள், அது குண்டை அழுத்தாது.

காற்றில் ஆறிய குண்டுக்கு இந்த அவசரம் இல்லை. ஈயமும் டின்னும் மட்டும் சேர்ந்த கலவை நாள்பட இறுகுவதில்லை, அதை அடுத்த மாதம்கூடச் சைஸ் பண்ணலாம். எதுவானாலும் சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். அறை வெப்பத்தைவிட 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும் 0.452 அங்குலக் குண்டு ஏறத்தாழ 0.001 அங்குலம் பெருத்துக் காட்டும். நாம் சண்டை போடுவதே அந்த அளவுக்குத்தானே!

பவுடர் கோட்டிங், அதாவது குண்டின் மேல் பொடிப் பூச்சைப் பூசி அடுப்பில் உருக்குவது, செய்கிறவர்களுக்கு வரிசை மாறும். பூச்சே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு தடிப்பைக் கூட்டுவதால், பூசி, அடுப்பில் சுட்டு, ஆறிய பிறகுதான் சைஸிங். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சுடும்போது முன்பு தண்ணீரில் போட்டு ஏற்றிய கடினம் பெரும்பாலும் இறங்கிவிடும். வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து எடுத்ததும் மறுபடி தண்ணீரில் போட்டு, அன்றே டையில் விடலாம். கேஸ் செக் என்ற சிறு செப்புத் தொப்பியை அடியில் வைக்கும் குண்டுக்கு யோசனையே வேண்டாம், அந்தத் தொப்பி கவ்வி நிற்க டைக்குள் போயே ஆக வேண்டும்.

டை அதிகபட்சம் 0.002 அல்லது 0.003 அங்குலம் குறைக்கட்டும். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் குண்டைச் சுற்றி மசகு நிற்கும் காடி நசுங்கும், குண்டும் கோணும். அச்சை மாற்றுவதே மேல்.

9 மி.மீ. சுடுபவர்களுக்கு இன்னொரு விஷயம். டையில் சரியாக வந்த குண்டை, அடிப்பக்கம் தடித்த அந்தத் தோட்டாக்கூடு உள்ளே இறக்கும்போதே இறுக்கிச் சிறிதாக்கிவிடும். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செய்து, குண்டைத் திரும்பப் பிடுங்கி அளந்து பாருங்கள். 0.357 ஆகப் போனது 0.355 ஆக வந்தால் குற்றவாளி சைஸிங் டை அல்ல. கூட்டின் வாயை விரிக்கும் முளையைக் கொஞ்சம் பெரியதாகப் போட்டால் ஈயப் படிவு பெரும்பாலும் நின்றுவிடும்.