உடம்பு முடி எடுக்குறது பத்தி என்ன வேணா கேளுங்க, வெக்கப்படாம

பார்லர்ல 9 வருஷம், அப்புறம் ஒரு ஸ்கின் கிளினிக்ல லேசர் மெஷின் பக்கத்துல 7 வருஷம் நின்னவ நான். டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன், மாத்திரை பேரெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க. மத்தபடி மீசை, முதுகு, கால், அக்குள் எதுவா இருந்தாலும் கேளுங்க, நான் பாக்காத முடி இல்ல.

கேள்வி: அக்கா, ஷேவ் பண்ணா அடர்த்தியா வளரும்னு எங்கம்மா ரேசரையே தொட விட மாட்டேங்கறாங்க. நிஜமா?

பதில்: இல்லமா. வேர் தோலுக்கு அடியில இருக்கு, ரேசர் மேல இருக்கறதை மட்டும்தான் வெட்டுது, வெட்டினதே வேருக்குத் தெரியாது. தானா வளர்ற முடிக்கு நுனி ஊசி மாதிரி மெலிஞ்சிருக்கும், பிளேடு போட்டதும் நுனி போயி தடியான நடுப்பாகம் மேல வந்துடும், அதான் தடவினா சொரசொரன்னு இருக்கு. 1928லயே மில்ட்ரெட் டிராட்டர்னு ஒரு உடற்கூறியல் ஆராய்ச்சிக்காரம்மா இதை அளந்து பார்த்து, ஷேவ் பண்றதால தடிமனும் கூடல வேகமும் கூடலன்னு எழுதிட்டாங்க. நூறு வருஷம் ஆகப்போகுது, வீட்டுப் பேச்சு மட்டும் மாறல. இன்னொண்ணு, பொண்ணுங்க முதமுதலா ரேசர் எடுக்கற வயசுலதான் ஹார்மோனும் முடியை கருக்க வைக்குது, பழி ரேசர் தலையில விழுந்துடுது.

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. கிளாஸ்ல 'மீசைக்காரி'ன்னு கூப்பிடறாங்களாம், இப்பல்லாம் கையால வாய மூடிக்கிட்டே பேசறா. எடுத்து விடலாமா? எடுத்து விட்டா அவ மூஞ்சில குறை இருக்குன்னு பெத்தவளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?

பதில்: இந்தக் கேள்விய படிச்சிட்டு எழுந்து போயிட்டு வந்துதான் டைப் பண்றேன். ஏன்னு சொல்றேன்.

பார்லர்ல சேர்ந்த முதல் வாரம் எனக்கு சொல்லிக் குடுத்தது நூல் பிடிக்க இல்ல, ஒரு வரி. புருவம் முடிஞ்சதும் கண்ணாடிய அவங்க கையில குடுக்காம நானே மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கிட்டு, "அப்பர் லிப்பும் எடுத்துடலாமா?"ன்னு கேக்கணும். அவ்ளோதான். வர்றவங்கள்ல பாதிக்கு மேல சரின்னுடுவாங்க, அதுவரைக்கும் அங்க முடி இருக்கறதையே கவனிக்காதவங்க உட்பட. ஒரு நாள் அம்மாவோட ஒரு சின்னப் பொண்ணு வந்திருந்தா, உங்க பொண்ணு வயசுதான் இருக்கும், ஓரமா ஸ்டூல்ல உக்காந்து காமிக்ஸ் படிச்சிட்டு இருந்தா, நான் பழக்கதோஷத்துல அவகிட்டயும் அதையே கேட்டுத் தொலைச்சேன். புத்தகத்தை மடியில கவுத்து வெச்சிட்டு ஒரு விரலால மேலுதட்டை மெதுவா தடவிப் பார்த்தா. அப்புறம் அவங்கம்மா வேலை முடியற வரைக்கும் புத்தகத்தை நிமித்தவே இல்ல, எதிர்ல இருந்த கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தா.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். அவளே வாய்விட்டு கேட்டா எடுத்து விடுங்க, தப்பே இல்ல, நம்ம கொள்கைக்காக பிள்ளை தினம் தினம் வாய மூடிட்டு போகணும்னு அவசியம் இல்ல. கேக்கலைன்னா நீங்களா பேச்சை எடுக்காதீங்க. எடுக்கறதுன்னா முகத்துக்குன்னு வர்ற சின்ன டிரிம்மர் போதும், ஹேர் ரிமூவல் கிரீம் அந்த இடத்துல தோலை வெந்து போக வெச்சிடலாம், லேசர் இந்த வயசுல பேச்சுக்கே இடமில்ல, ஹார்மோன் ஆட்டம் இன்னும் அடங்கவே இல்ல. எல்லா மனுஷங்களுக்கும் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு மாதிரி சில இடம் தவிர மிச்ச இடமெல்லாம் பூனைமுடி இருக்குன்னு உங்க கையை ஜன்னல் வெளிச்சத்துல காட்டி சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு இது பிடிக்கும். ஆனா எடுத்துட்டா அந்தப் பேர் போயிடும்னு மட்டும் நம்பாதீங்க, மறுநாள் "ஐய்யே மீசைய எடுத்துட்டு வந்துட்டா"ன்னு அதுக்கும் சிரிப்பாங்க. டீச்சர்கிட்ட பேசறது தனி வேலை, அதையும் பண்ணித்தான் ஆகணும்.

கேள்வி: எனக்கு 24 வயசு, நெஞ்சுல முடியே இல்லன்னு பசங்க ஓட்டறாங்க. என் ரூம்மேட்டுக்கு முதுகு முழுக்க முடி, அவன் வெக்கப்பட்டு நீச்சல் குளத்துக்கே வர மாட்டான். ரெண்டு பேர்ல யாருக்குக்கா பிரச்சனை?

பதில்: ஓட்டறவனுக்கு. தம்பி, நெஞ்சு முடிக்கும் ஆம்பளத்தனத்துக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே அளவு ஹார்மோன் இருந்தாலும் அதுக்கு ஒவ்வொருத்தர் வேரும் ஒவ்வொரு மாதிரி மசியும், அது பரம்பரை சமாச்சாரம். உனக்கு இன்னும் வயசும் இருக்கு, பல பேருக்கு 30 தாண்டியும் நெஞ்சுல புதுசா வளரும். ஃப்ரெண்டுக்கு டிரிம்மர் வாங்கி முதுகுல நீயே போட்டு விடு, இல்ல அப்படியே கூட்டிட்டு போ. கிளினிக்ல ஆம்பளைங்க கேக்கறதே வேற மாதிரி இருக்கும், போன்ல "என் தங்கச்சிக்கு முதுகுல முடி, லேசர் பண்ணுவீங்களா"ம்பாங்க, கடைசி அப்பாயின்ட்மென்ட்டா பார்த்து அவங்களே வந்து நிப்பாங்க. சைக்கிள் ரேஸ்காரங்களும் நீச்சல் வீரங்களும் கால் முழுக்க மழிச்சிட்டு திரியறாங்க, அவங்களை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல, ஸ்போர்ட்ஸ்னா சரியாம்.

கேள்வி: தாடையில தடிதடியா முடி வருது, வாரம் ரெண்டு தடவை த்ரெடிங். பீரியட்ஸ் 3 மாசத்துக்கு ஒரு தடவை. லேசர் பண்ணா சரியாகுமா?

பதில்: முதல்ல டாக்டர், அப்புறம் லேசர். நீங்க சொல்ற ரெண்டும் சேர்ந்து வந்தா பிசிஓஎஸ்ஸா, அதாவது சினைப்பை சம்பந்தப்பட்ட ஹார்மோன் கோளாறா இருக்க நிறைய வாய்ப்பு, தைராய்டும் பார்க்கணும், ரத்தம் டெஸ்ட் பண்ணாதான் தெரியும். டாக்டருங்க இதுக்கு ஃபெரிமன் கால்வேன்னு ஒரு ஸ்கோர் வெச்சிருக்காங்க, உடம்புல 9 இடம், முடி எவ்ளோன்னு ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 4 வரைக்கும், மொத்தம் 8ஓ அதுக்கு மேலயோ போனா கவனிப்பாங்க, அந்த எல்லை இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். உள்ள காரணத்தை விட்டுட்டு லேசர் மட்டும் பண்ணா மெஷின் ஒரு பக்கம் எரிக்கும் ஹார்மோன் ஒரு பக்கம் புதுசா முளைக்க வைக்கும். ஒருவேளை முடி சில மாசத்துக்குள்ள திடுதிப்புன்னு வந்து குரலும் கரகரப்பா மாறுதுன்னா ஒரு வாரம் கூட தள்ளிப்போடாதீங்க.

எனக்கு கோவம் வர்ற இடம் இது. மூணு நாலு வருஷமா பார்லருக்கு தாடைக்கு மட்டும் வந்துட்டு இருந்தவங்களை பார்த்திருக்கேன், ஒருத்தரும் "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா"ன்னு கேட்டதில்ல, நானும்தான்.

கேள்வி: அடுத்த மாசம் டெலிவரி. கீழ ஷேவ் பண்ணிட்டு போகலன்னா நர்ஸ் அசிங்கமா நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு, வயிறு மறைச்சு குனியவும் முடியல.

பதில்: குனியாதீங்க, விட்டுடுங்க. முடி அழுக்கு இல்ல, சுத்தத்துக்கு தண்ணி போதும். ஆபரேஷனுக்கே கூட முடியை எடுக்க வேணாம், எடுத்தே ஆகணும்னா கிளிப்பர்தான், ரேசர் கூடவே கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2016ல சொல்லிடுச்சு, ஏன்னா பிளேடு போட்ட சின்னச் சின்ன கீறல்லதான் கிருமி உக்காருது. அமெரிக்காவுல ஒரு சர்வே 2017ல வந்தது, அந்த இடத்துல எடுக்கறவங்கள்ல நாலுல ஒருத்தர் காயம் பண்ணிக்கிட்டவங்க. நர்ஸ் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரை பார்க்கறாங்க, அவங்க கவனமெல்லாம் குழந்தை தலை மேலதான்.

கேள்வி: இதெல்லாம் எப்பக்கா ஆரம்பிச்சது?

பதில்: எடுக்கற பழக்கம் பழசு, எகிப்துலயும் ரோம்லயும் எடுத்திருக்காங்க. ஆனா 'அக்குள்ல முடி இருந்தா கேவலம்'னு ஊர் ஊரா பரவினது நூறு வருஷக் கதைதான். கை இல்லாத கவுன் ஃபேஷன் ஆச்சு, 1915ல ஜில்லெட் பொண்ணுங்களுக்குன்னே முதல் ரேசரை இறக்குச்சு, பத்திரிகை விளம்பரமெல்லாம் அக்குளை குறி வெச்சுது. ரெண்டாம் உலகப்போர்ல நைலான் பாராசூட்டுக்கு போயிடுச்சு, காலுறை கிடைக்கல, வெறும் காலோட வெளிய வரணும்னதும் கால் முடியும் எடுக்க வேண்டியதாச்சு. இதுல கொடுமை என்னன்னா 1920கள்ல டிரைக்கோன்னு ஒரு மெஷின், எக்ஸ்ரேல முடி எடுக்கறது, வலிக்காதுன்னு பொண்ணுங்க கியூவுல நின்னாங்க, வருஷம் கழிச்சு தோல் சுருங்கி புண்ணாகி கேன்சர் வரைக்கும் போச்சு. அடுத்து கோரெம்லுன்னு ஒரு கிரீம், உள்ள இருந்தது தாலியம், எலி விஷத்துல போட்ட சாமான். பூசினவங்க சில பேருக்கு நரம்பே போயிடுச்சு. ஒரு மீசைக்காக.

கேள்வி: ரெண்டு மாசத்துல கல்யாணம், மாப்பிள்ளை அக்கா 'ஃபுல் பாடி லேசர் பண்ணிக்கோ'ன்னு மெசேஜ் பண்ணியிருக்காங்க.

பதில்: ரெண்டு மாசத்துல முடியாது. வளர்ற கட்டத்துல இருக்கற முடியை மட்டும்தான் லேசர் பிடிக்கும், மிச்சம் தூங்கிட்டு இருக்கும், அதனால மாசத்துக்கொண்ணுன்னு ஆறு ஏழு சிட்டிங் ஆகும், அப்பவும் குறையுமே தவிர சுத்தமா போகாது. பரு மாத்திரை சாப்பிடறீங்கன்னா டாக்டரை கேக்காம வேக்ஸிங் பக்கமும் போகாதீங்க, சில மாத்திரைக்கு தோல் உரிஞ்சி வந்துடும். 'டைம் இல்லயாம் அக்கா'ன்னு பதில் போட்டுடுங்க, நிஜமும் அதான்.

கேள்வி: ஆறு மாசமா கை கால் எதுவும் எடுக்கறதில்ல, பெருமையா இருந்தேன். நேத்து இன்டர்வியூன்னதும் ராத்திரியே ஷேவ் பண்ணிட்டேன். நான் போலியா?

பதில்: வேலை வேணும்னு நினைச்ச ஆளு. பிரியான் ஃபாஸ்னு அமெரிக்காவுல ஒரு புரொஃபசர், பொண்ணுங்க முடியை வளர்த்து டைரி எழுதினா எக்ஸ்ட்ரா மார்க்னு வெச்சாங்க, வீட்டு ஆளுங்க, கூட இருக்கறவங்கன்னு ஆளாளுக்கு கருத்து சொல்ல வந்துட்டாங்களாம். மார்க்குக்காக வளர்த்ததுக்கே அந்தப் பேச்சுன்னா சம்பளம் குடுக்கறவன் முன்னாடி உக்காரும்போது பயம் வராம என்ன பண்ணும். வேலை கிடைச்சதா, அதைச் சொல்லுங்க முதல்ல.

கேள்வி: இவ்ளோ பேசறீங்களே, நீங்க எடுப்பீங்களா?

பதில்: கால் எடுக்கறதில்ல, சோம்பேறித்தனம்தான், புரட்சியெல்லாம் இல்ல. புருவம் எடுப்பேன். தாடையில ரெண்டே ரெண்டு முடி இருக்கு, அதுக்குன்னு ஹேண்ட்பேக்ல ஒரு ட்வீசர். லிஃப்ட் கண்ணாடி வெளிச்சத்துல கண்ணுல பட்டுச்சுன்னா அடுத்த மாடியில ஆள் ஏறறதுக்குள்ள பிடுங்கிடுவேன்.