பள்ளியில் இருக்கும் டிவிடியை எம்பி4 ஆக மாற்றி வகுப்பில் காட்டலாமா? பதிப்புரிமைப் பிரச்சினை வருமா?

காட்டலாம். கடலூரில் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன், எனக்கும் இதே சந்தேகம் வந்திருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததே, அடுத்த வாரமே கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் பண்ருட்டிப் பக்கம் போய், வேரோடு சாய்ந்து கிடந்த பலா, முந்திரித் தோப்புகளைப் படம்பிடித்தார். எனக்கும் ஒரு டிவிடி கொடுத்தார். வருஷா வருஷம் புயல் பாடத்துக்கு அதைத்தான் போடுவேன். இப்போது வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பென் டிரைவ் மட்டும்தான் ஏற்கும். வீடியோ வடிவத்தை மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு எம்பி4 ஆக்கினேன்.

வடிவம் மாற்றுவதும் நகல் எடுப்பதுதான். ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ எடுக்கும் நகலை மீறலாகக் கருதுவதில்லை. பள்ளியில் படம் போட்டுக் காட்டவும் அதே பிரிவில் இடம் உண்டு. பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கிலும் 2016-ல் உயர் நீதிமன்றம், கற்பித்தல் என்பதை வகுப்பு நடக்கும் நேரத்தோடு சுருக்கிப் பார்க்கவில்லை. புத்தகப் பக்கங்கள் பற்றிய வழக்குதான், ஆனாலும் ஆசிரியர்களுக்கு அது பெரிய பலம்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி என்றால் நகல் தடுப்புப் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைத்தால், 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பாடத்துக்காகத்தான் செய்தேன் என்று வாதாடலாம். நான் அந்த வம்புக்கே போவதில்லை. டிவிடி டிரைவ் உள்ள பழைய லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி அப்படியே ஓட்டிவிடுவேன். யூடியூப் வீடியோ என்றால் இறக்காமல் இணையத்திலேயே காட்டுங்கள், இறக்குவது அவர்களுடைய விதிமுறைக்கு எதிரானது.

அப்புறம், மாற்றிய கோப்பு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். நான் அந்தப் புயல் வீடியோவைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் யாரோ ஒருவருடைய யூடியூப் சேனலில் அது ஓடிக்கொண்டிருந்தது, எடுத்தவர் பெயர்கூட இல்லாமல். மனசு கேட்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அவர் கடைக்கே போய் நடந்ததைச் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். அந்தச் சேனல் மீது அவரே புகார் கொடுத்து வீடியோவை நீக்க வைத்தார். பிறகு, பள்ளிக்குள் பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எனக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்கில் இருந்த அசல் கோப்பையும் பென் டிரைவில் ஏற்றித் தந்தார், டிவிடியைவிட அது எவ்வளவோ தெளிவு.