வைரமும் பென்சில் முனையும் ஒரே தனிமம் என்றால், ஒன்று கடினமாகவும் மற்றொன்று மென்மையாகவும் இருப்பது ஏன்?

இரண்டிலும் இருப்பது கார்பன் அணுக்களே. வேறுபடுவது அவை பிணைந்திருக்கும் முறைதான். (பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருக்கும் என்றாலும், எழுதுவது கிராஃபைட் என்னும் கார்பன் வடிவமே.) கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் அந்த நான்கையும் கொண்டு நான்கு திசைகளில் நான்கு அணுக்களோடு வலுவாகப் பிணைந்து நிற்பதால், படிகம் முழுவதும் ஒரே முப்பரிமாண வலையாக இறுகிவிடுகிறது. அதில் கீறல் விழ வேண்டுமானால் அந்தப் பிணைப்புகளையே உடைத்தாக வேண்டும்.

கிராஃபைட்டில் ஓர் அணு மூன்று அணுக்களோடு மட்டும் பிணைந்து, அறுகோணங்கள் நிறைந்த தட்டையான அடுக்கை உருவாக்குகிறது. அடுக்கிற்குள் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், அடுத்த அடுக்கோ 0.335 நானோமீட்டர் தள்ளி, வலுக்குறைந்த ஈர்ப்பால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. பென்சிலைத் தாளில் இழுக்கும்போது இவ்வடுக்குகள் சறுக்கி உரிந்து படிவதையே நாம் கோடாகக் காண்கிறோம். மீதமுள்ள நான்காவது எலக்ட்ரான் அடுக்கெங்கும் நகர முடிவதால் கிராஃபைட் மின்சாரத்தையும் கடத்துகிறது.

1797ஆம் ஆண்டில் ஆங்கில வேதியியலாளர் ஸ்மித்சன் டென்னன்ட் வைரத்தை எரித்து, அதே எடையுள்ள கரி தரும் அளவு கார்பன் டை ஆக்சைடே அதிலிருந்தும் வெளிவருவதைக் காட்டி, வைரமும் கார்பனே என்று நிறுவினார். என்னை இன்றும் வியக்க வைப்பது வேறொன்று: சாதாரண அழுத்தத்தில் நிலையான வடிவம் கிராஃபைட்தான்; வைரம் கிராஃபைட்டாக மாறாதிருப்பது, அந்த மாற்றத்தைத் தொடங்கத் தேவைப்படும் ஆற்றல் மிக அதிகம் என்பதால்.