வாசகர் கேள்வி: பேரரசரின் உரை பாடலானது எப்படி?

கேள்வி: புதுச்சேரியில் பழைய இசைத்தட்டு ஒன்று, ஜமைக்கப் பாடகர் பாப் மார்லியின் 'ரஸ்தாமேன் வைப்ரேஷன்', கிடைத்தது. அதிலுள்ள 'வார்' (போர்) என்ற பாடல் சொற்பொழிவு போல ஒலிப்பது ஏன்?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தங்கள் செவி சரியாகவே கேட்டிருக்கிறது. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரையின் ஒரு பகுதியே, பெரிதும் மாற்றமின்றி, 1976-இல் வெளிவந்த இந்த ஆல்பத்தில் பாடலாயிற்று. ஓர் இனம் உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்னும் கொள்கை அடியோடு ஒழியும்வரை அமைதி இராது என்பதே அதன் சாரம்.

1930-இல் முடிசூடுமுன் அவர் 'ரஸ் தஃபாரி' எனப்பட்டார். அப்பெயரே ஜமைக்காவில் பிறந்த, மார்லி பின்பற்றிய ரஸ்தஃபாரி சமயத்தின் பெயராயிற்று. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவரை இறைவனின் வடிவமாகக் கண்டதால், மார்லிக்கு அவ்வுரை அரசியல் அறிக்கை அன்று, மறைமொழி. எதுகையோ இயைபோ தேடாமல் உரைநடையை உரைநடையாகவே அவர் பாடியதற்கு இந்தப் பக்தியே காரணம் என்று நான் கருதுகிறேன். மன்னன் ஆணைக்குப் பணியாத அப்பர் கரையேறியதாகப் போற்றப்படும் தங்கள் ஊரிலிருந்து கேட்கையில், மன்னனின் சொல்லே ஒடுக்கப்பட்டோரின் பதிகமாகும் இந்த முரண் என்னை நெகிழ்விக்கிறது.

மார்லி பாடிய ஜமைக்க இசைவகையான ரெகேயின் 'ஒன் டிராப்' என்னும் தாள முறையில், தாளத்தின் முதல் அடி வெறுமையாக விடப்பட்டு, மூன்றாம் அடியில் முரசு அழுத்தமாக விழும். மார்லியின் குழுவிலிருந்த கார்ல்டன் பாரெட்டின் முரசையும் ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் கிட்டாரையும் மட்டும் பின்தொடர்ந்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.